தொண்ணூறைத் தாண்டாத பள்ளிக்கூடம்

“நேக்கு ஆள் வேணும். பேரோட வேணும். வெள்ளிக்கிழமை கமிட்டி கூடறதுக்கு முன்னாடி வேணும்” என்றார் ராமபத்ரன்.

அவர் பாலக்காட்டில் ஒரு கல்லூரியின் சேர்க்கைக் கமிட்டிக்குக் காரியதரிசி. நான் அதே ஊரில் ஒரு காபி ஹோட்டல் மாடியில் ‘துரைசுவாமி, ரகசிய விசாரணை’ என்று பலகை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன். பகலில் துப்பு, மாலையில் சுருக்கெழுத்து வகுப்பு. இரண்டிலும் சுமார். அதுவரை என்னிடம் வந்த வழக்குகள் இரண்டு: காணாமற்போன ஒரு குடை, காணாமற்போன ஒரு மருமகன். குடையை நான் கண்டுபிடித்தேன். மருமகன் தானாகத் திரும்பி வந்தார்.

“என்ன விஷயம் ஸார்?” என்று நோட்டைத் திறந்தேன்.

“ஆள் மாறாட்டம். பீர்மேட்டுப் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒண்ணு. அங்கேர்ந்து நம்ம கல்லூரிக்கு முதல் முதலா ஒரு பையன் மனுப் போட்டிருக்கான். நல்லதம்பின்னு பேர். கணக்கில் வகுப்பு மார்க், நாங்க சமன் பண்ணினதுக்கு அப்புறம் எழுபத்திமூணு. பொதுப் பரீட்சையில் தொண்ணூற்றொண்ணு! இப்படியும் ஒருத்தன் குதிப்பானோ? அவனுக்குப் பதிலா வேற யாரோ உக்காந்து எழுதியிருக்கான். அதாக்கும் விஷயம்.”

“சமன் பண்றதுன்னா?”

ராமபத்ரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல இருந்தது. இங்கே மலபாரில் ஒரு பரீட்சை. மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் வேறொரு பரீட்சை. ஒரு பள்ளியில் வாத்தியார் அள்ளிப் போடுவார். இன்னொரு பள்ளியில் கிள்ளிப் போடுவார். எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தினால்தானே நியாயம்? அதற்காகக் கமிட்டி ஒரு விதி வைத்திருந்தது. மலைப் பள்ளிகள் இளகிய மனத்தோடு மார்க் போடுகின்றன. ஆகவே அவை அனுப்பும் வகுப்பு மார்க்கில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துவிட வேண்டும்.

“இளகிய மனசுன்னு யார் ஸார் பாத்தா?”

“எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே ஓய்” என்றார் ராமபத்ரன்.

என் பின்னால் நின்ற குப்பண்ணன் தொண்டையைக் கனைத்தான். அவன் என் உதவியாள், எலப்புள்ளிக்காரன். என்னைவிடப் பத்து வயது மூத்தவன், என்னைவிடப் பத்து மடங்கு பேசுவான்.

“ஏனுங்க, அந்தப் பையன் தப்புப் பண்ணலீன்னு ஆச்சுன்னா?”

“இடம் உண்டு. இருக்கிறது ஒரே ஒரு இடம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் நிறுத்தி வெச்சிருக்கேன். அதுக்கப்புறம் அடுத்த பையனுக்குப் போயிடும்.”

பொள்ளாச்சி வழியாகத் திண்டுக்கல்லுக்கு ரயில். அங்கிருந்து கம்பத்துக்கு ஒரு பஸ். கம்பத்திலிருந்து மலையேற இன்னொரு பஸ். அது வளைவுக்கு வளைவு நின்று தண்ணீர் குடித்தது. “நம்மளுக்கு ஒரு வாய் காபி இல்லீங்க, பஸ்ஸுக்கு மட்டும் நாலு குடம்” என்று குப்பண்ணன் புலம்பிக்கொண்டே வந்தான். குமுளியில் ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே இறங்கி, தோட்டத்து லாரியைப் பிடித்து, தூறலில் நனைந்து தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது என் நோட்டின் ஓரங்கள் ஊறிவிட்டன.

பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. ஜூன் மாதம், இன்னும் திறக்கவில்லை. கணக்கு வாத்தியார் எங்கே என்று கேட்டதற்கு, கொழுந்து நிறுக்கும் கொட்டகையைக் காட்டினார்கள்.

அங்கே பெரியமுத்து என்கிற அந்த வாத்தியார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தராசுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். வாத்தியாராவதற்கு முன்னால் இதே கொட்டகையில் எடை பார்த்தவராம். லீவு விட்டால் பழைய வேலைக்கு வந்துவிடுவார். அவர் தராசைத் தொட்டால் சண்டை வராது என்று தோட்டத்தில் பேர். பெண்கள் முதுகுக் கூடையை இறக்கிக் கொழுந்தைச் சாக்கில் கொட்டி, வரிசையாக நின்றார்கள். ஒரு சாக்கைக் கொக்கியில் மாட்டினார். முள் முப்பது ராத்தலில் நின்றது.

“மூக்கம்மா, இருபத்தேழு” என்றார் பெரியமுத்து.

குப்பண்ணன் என் காதில் ஊதினான். “முள்ளு முப்பதுங்குது. வாத்தியாரு இருபத்தேழுங்கறாரு. ரெண்டு பேர்ல ஆருக்குங்க கண்ணு செரியில்ல?”

மூக்கம்மாளுக்குக் கேட்டுவிட்டது. “ஈரம் போகத்தான் ஐயா எடை. காஞ்சா அம்புட்டுத்தான் நிக்கும்” என்று சொல்லிவிட்டு, என் குடையையும் நோட்டையும் பார்த்தாள். “நீங்க பாலக்காட்டுலேர்ந்து வாரீங்களோ? எம் மவன் நல்லதம்பி விசயமாவா?”

நான் நோட்டைக் கக்கத்தில் செருகிக்கொண்டேன். அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“வெள்ளிக்கெழமைக்குள்ள காலேசுலேர்ந்து தாக்கல் வரலைன்னா திங்கக்கெழமை இவன் பேரைத் தோட்டத்துச் செக்ரோல்ல, கூலியாளுங்க பேரேட்டுல, ஏத்திருவாங்க. ஏறுன பேரு எறங்காது ஐயா. எம் பேரு சின்னப் புள்ளைல ஏறுனது” என்றாள்.

நல்லதம்பி சாக்குகளை அடுக்கிக்கொண்டிருந்தான். ஒல்லியான பையன், கையெல்லாம் தேயிலைக் கறை. அவனைக் கொட்டகைக்குப் பின்புறம் கூட்டிக்கொண்டு போய், பாலக்காட்டிலிருந்தே தயாராகக் கொண்டுவந்திருந்த கணக்கைக் கொடுத்தேன். ஒரு தொட்டி, நிரப்பும் குழாய்கள் இரண்டு, வடிக்கும் குழாய் ஒன்று. எங்கள் மாலை வகுப்பில் கணக்கில் புலி என்று பேரெடுத்தவரே அதற்கு வியர்த்துப்போனார்.

நல்லதம்பி காலியான தேயிலைப் பெட்டியின்மேல் சுண்ணக்கட்டியால் போட்டு முடித்தான். கொஞ்சம் யோசித்துவிட்டு, “இப்படியும் வரும் சார்” என்று பக்கத்திலேயே வேறு வழியில் இன்னொரு தடவை போட்டான். இரண்டாவது வழி எனக்குப் புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

“சாமி” என்றான் குப்பண்ணன், “இவனுக்குப் பதிலா ஒருத்தன் எழுத வந்திருந்தான்னா, அவன் இவனைப் பாத்துத்தானுங்க எழுதியிருப்பான்.”

எரிச்சலாக இருந்தது. ஒரு ரயில், இரண்டு பஸ், ஒரு லாரி. குற்றவாளி இல்லாத வழக்குக்கு இத்தனையா? பையன் இவ்வளவு கெட்டிக்காரன் என்றால் வகுப்பில் ஏன் குறைந்தான்?

“வருஷ முடிவுல வகுப்பு மார்க் எத்தனை வந்தது உனக்கு?”

“எண்பத்தொண்ணு சார்.”

“ஏன் குறைஞ்சுது?”

“கொறையலியே சார்” என்று நல்லதம்பி ஆச்சரியப்பட்டான். “எங்க பள்ளிக்கூடத்துல அதான் முதல் மார்க்கு. தொண்ணூறு வாங்குனா மாலை போட்டு லயத்து வீடுகளச் சுத்திக் கூட்டிட்டுப் போவாங்க. முத்து சார் வந்ததுலேர்ந்து தொண்ணூறத் தாண்டுனவன் ஒருத்தனும் கெடையாது.”

“பரீட்சை நூறுக்குத்தானே?”

“நூறுக்குத்தான் சார். ஆனா நூறு வராது.”

சூரியன் கிழக்கே உதிக்கும் என்று சொல்வதுபோலச் சொன்னான். நான் அதை எழுதிக்கொண்டேன், எழுதிக்கொண்டதோடு சரி.

லாரிக்காரர் காட்டிய விடுதி அறையில் உட்கார்ந்து சாத்தியங்களை வரிசைப்படுத்தினேன். ஒன்று: வாத்தியாருக்குப் பையன்மேல் பகை. இரண்டு: வாத்தியாருக்குக் கணக்குத் தெரியாது. மூன்று: எனக்கு இந்தத் தொழில் சரிப்பட்டு வராது.

குப்பண்ணன் எட்டிப் பார்த்தான். “மூணாவது பலமா இருக்குதுங்க. ஆனா மொதல் ரெண்டையும் பரிசோதிச்சுப் போட்டு அப்புறமா வருத்தப்படலாமுங்க.”

“எப்படிப் பரிசோதிக்கிறது?”

“வாத்தியாருக்கு என்னைய மின்னப்பின்னத் தெரியாது, பகையுமில்ல. எம்பேர்ல ஒரு பேப்பர் எழுதுங்க சாமி. தப்பே இல்லாம.”

தப்பே இல்லாமல் எழுத எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். நல்லதம்பியிடம் கணக்குப் பாடப்புத்தகத்தை வாங்கி, அதில் ஆசிரியரே போட்டுக் காட்டியிருந்த மாதிரிக் கணக்குகள் பத்தை, விடையும் வழியும் உள்பட அப்படியே பெயர்த்து எழுதினேன். குப்பண்ணன் அதைக் கொண்டுபோய்ப் பெரியமுத்துவிடம் நீட்டினான்.

“ஏனுங்க வாத்தியாரே, எங்க அக்கா பையன் போட்டதுங்க. நூறு மார்க்குக்குத் திருத்திக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும். எங்க ஊட்டுல அவன மண்டுங்கறாங்க.”

பெரியமுத்து கையைத் துடைத்துக்கொண்டு, சாக்குமேல் உட்கார்ந்து, வரி வரியாகப் பார்த்தார். பத்துக்கும் பத்துச் சரி போட்டார். “மண்டு இல்ல, நல்ல பையன்” என்றார். தலைப்பில் மார்க்கை எழுதி, பெரிய வட்டம் போட்டுக் கொடுத்தார்.

தொண்ணூறு.

எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? பெயர்த்து எழுதும்போது எங்கேயோ கோட்டை விட்டுவிட்டேன் என்பதுதான். அன்று சாயங்காலம் முழுவதும் என் தாளையும் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காணாமற்போன பத்து மார்க்கைத் தேடினேன். புள்ளிக்குப் புள்ளி சரியாக இருந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

குப்பண்ணன் பொறுக்கமாட்டாமல் புத்தகத்தை மூடினான்.

“போதுமுங்க சாமி. பாடப்புத்தகம் எழுதினவருக்கே இந்தப் பள்ளிக்கூடத்துல தொண்ணூறுதானுங்க. அவரு மட்டும் இங்க படிச்சிருந்தாருன்னா இந்நேரம் கொழுந்து கிள்ளிக்கிட்டு இருப்பாரு.”

சிரிப்பு வரவில்லை. ஆனால் பாடப்புத்தகத்தின்மேல் யாருக்கும் பகை இருக்க முடியாது. என் முதல் சாத்தியத்தை அடித்தேன். பத்துக்கும் பத்துச் சரியாகத் திருத்தியவருக்குக் கணக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. இரண்டாவதையும் அடித்தேன். மூன்றாவது மட்டும் நின்றது.

மறுநாள் காலை, வெறுங்கையோடு திரும்பும் வழியில், கொட்டகையைத் தாண்டிப் போனோம். சாக்குகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு சாக்கு. முள் நாற்பதுக்குப் போயிற்று. “முப்பத்தாறு” என்றது பெரியமுத்துவின் குரல். அடுத்த சாக்கு. முள் இருபதில் நின்றது. “பதினெட்டு.”

நான் சேற்றில் நின்றுவிட்டேன்.

“குப்பண்ணா, நூறு ராத்தல் சாக்கு ஒண்ணு வந்தா அவர் எத்தனைன்னு சொல்லுவார்?”

குப்பண்ணன் வாயைத் திறந்தான். என் நினைவில் அவன் பதில் பேசாமல் வாயை மூடியது அந்த ஒரு தடவைதான்.

நேராகப் பெரியமுத்துவிடம் போனேன். “ஸார், பிள்ளைகள் மார்க்கிலேயும் ஈரத்துக்குக் கழிக்கிறேளா?”

“ஆமா, கழிக்குதேன்” என்றார் அவர், கொஞ்சமும் தயங்காமல். “ஒளிச்சா செய்யுதேன்? ஒருத்தரும் கேக்கல, நான் சொல்லல. கேட்டீங்க, சொல்லுதேன். பரீட்சைக்கு முந்துன நாள் படிக்கான் பாருங்க, அது ஈரக் கொழுந்து. அப்பம் நிறுத்தா எடை கூடத்தான் காட்டும். அவன் மலையிறங்கி, ரயிலேறி, உங்க ஊருக்கு வந்து சேருததுக்குள்ள காஞ்சிரும். இங்கன நான் அனுப்புத எடையும் அங்கன வந்து சேருத எடையும் ஒண்ணா இருக்கணுமில்லா? அதான் நேர்மை.”

“ஆனா பொதுப் பரீட்சையிலே நல்லதம்பி தொண்ணூற்றொண்ணு வாங்கியிருக்கானே!”

“பய, காயாத பய” என்றார் பெருமையாக.

குற்றம் என்ன என்பது கடைசியில் கையில் கிடைத்துவிட்டது. அது குற்றமே இல்லை என்பதுதான் தொந்தரவு. கையைக் கூப்பாத குறையாகக் கேட்டேன்: கழித்ததைத் திரும்பச் சேர்த்து, நல்லதம்பியின் சரியான வகுப்பு மார்க்கை ஒரு வரி எழுதிக் கொடுங்கள், போதும்.

“மாட்டேன்” என்றார் பெரியமுத்து. “போட்ட எடைய எனக்கு வேண்டியவனுக்குன்னு ஏத்துனா நாளைக்கு இந்தத் தராசுக்கு என்ன மரியாதை?”

“உங்க பையனாட்டம் ஒரு பையனோட படிப்புப் போகுது ஸார்!”

“அதுக்காகப் பொய் எடை எழுதச் சொல்லுதீங்களா?”

“அதும் ஒம்பது ராத்தல்தானுங்க” என்று குப்பண்ணன் இடையில் புகுந்தான்; வாத்தியார் பார்த்த பார்வையில் பின்வாங்கினான்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. “நீங்கள் கழிக்கறதோட நின்னா பரவாயில்லையே! பாலக்காட்டிலே அவாளும் பத்துல ஒண்ணு கழிக்கறா. மலைப் பள்ளிக்கூடம்னாலே கழிக்கறதாக்கும் விதி. எண்பத்தொண்ணு அங்கே எழுபத்திமூணு ஆயிடுத்து. அதனாலதான் பையன் மேல சந்தேகமே வந்தது!”

பெரியமுத்து கொக்கியிலிருந்து கையை எடுத்தார். சாக்கு தொங்கி ஆடிற்று.

“என்ன சொல்லுதீங்க? நான் கழிச்சதுக்கு மேலயா?”

“நீங்கள் கழிச்சது அவாளுக்குத் தெரியாது.”

“கேக்கவே இல்லையா?”

“கேக்கலை.”

அந்தச் சாந்தமான மனிதரின் கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்தேன். வரிசையில் நின்ற பெண்களும் பார்த்தார்கள். “இந்தக் கொட்டகைல கழிச்ச கொழுந்தை ஃபாக்டரில ஒருத்தன் திரும்பக் கழிச்சான்னு வையுங்க, இவங்க அவனைச் சும்மா விடுவாங்களா? ஒரு தடவை கழிச்சா அது ஈரம். ரெண்டு தடவை கழிச்சா அது களவு சார், களவு!” மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். “ஏலே நல்லதம்பி! சட்டைய மாட்டு. மூக்கம்மா, தராசப் பாத்துக்க. கம்பம் பஸ்ஸு எப்பம்?”

வெள்ளிக்கிழமை பிற்பகலில், மழையில் ஊறிய நான்கு பேராக ராமபத்ரனின் அறையில் நின்றோம்.

“ஆளைக் கண்டுபிடிச்சாச்சோ?” என்றார் அவர்.

“ரெண்டு பேர் ஸார்” என்றேன். “ஒருத்தர் இவர், பையனோட கணக்கு வாத்தியார்.”

“இன்னொருத்தன்?”

“நாற்காலில உக்காந்திருக்காருங்க” என்றான் குப்பண்ணன்.

ராமபத்ரன் எழுந்திருப்பதற்குள் அவர் மேஜைமேலிருந்த காகிதத்தில் எழுதிக் காட்டினேன். கமிட்டியின் எழுபத்திமூன்று. கமிட்டி கழித்ததைச் சேர்த்தால் எண்பத்தொன்று. வாத்தியார் கழித்ததையும் சேர்த்தால் தொண்ணூறு. பக்கத்தில் பொதுப் பரீட்சை மார்க்: தொண்ணூற்றொன்று.

அவர் தாமே ஒரு முறை போட்டுப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை போட்டார். மூன்றாவது முறை வேறு விடை வரும் என்று நினைத்தாரோ என்னவோ, பேனாவை எடுத்தார், பிறகு வைத்துவிட்டார்.

“இப்படி ஒரு பைத்தியக்காரத்தனம் உண்டோ!”

“எதைச் சொல்லுதீங்க?” என்றார் பெரியமுத்து. “என்னுதையா, உங்களுதையா?”

ராமபத்ரன் பதிவுப் புத்தகத்தை இழுத்து, “சரி. பையனுக்கு இடம் குடுத்துடறேன். விசேஷச் சலுகைன்னு போட்டுக்கலாம்” என்றார்.

“சலுகை எதுக்கு? அது அவன் எடை.”

“சலுகைன்னு போட்டாத்தான் கமிட்டியிலே செல்லும். விதி அப்படியேதான் இருக்கும்.”

“மத்த மலைப் பள்ளிக்கூடம்? அங்கனயும் என்னை மாதிரி ஒருத்தன் கழிக்கானோ, இல்ல அள்ளிப் போடுதானோ? யாராச்சும் போய்ப் பாத்தீங்களா?”

“தீர்மானம் தீர்மானந்தான். அடுத்த வருஷம் பாக்கலாம்” என்று ராமபத்ரன் பேனாவை மையில் தோய்த்தார். நல்லதம்பியின் பெயரை எழுதினார். அதற்கு நேரே ‘சலுகை’ என்றும் எழுதினார். பையன் இரண்டையும் தலைகீழாகப் படித்தான். முதல் சொல்லுக்கு முகம் மலர்ந்தது. இரண்டாவதற்கு என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றது.

“அம்மாவுக்கு யாரு சார் சொல்லுவா?” என்று மெல்லக் கேட்டான். “திங்கக்கெழமை பேரு ஏத்திருவாங்க.”

தந்தி ஆபீஸ் மூடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். எல்லோரும் வேகமாகப் படி இறங்கினோம். கீழே வந்ததும் குப்பண்ணனால் சும்மா இருக்க முடியவில்லை.

“வாத்தியாரே, எங்க சாமியோட துப்புக்கு எத்தனைங்க மார்க்கு?”

பெரியமுத்து என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கொக்கியில் மாட்டிய சாக்கைப் பார்க்கிற அதே பார்வை. என் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“தொண்ணூறு” என்றார்.

“அடடே! அப்ப முழுசுங்க சாமி!” என்று குப்பண்ணன் என் முதுகில் தட்டினான். “ஈரத்துக்குக் கழிச்சுப் போட்டாரு!”

“ஈரத்துக்கு இல்ல” என்றார் பெரியமுத்து. “மத்த பள்ளிக்கூடமெல்லாம் பாக்கி கெடக்குல்லா?”

அவரும் நல்லதம்பியும் தந்தி ஆபீஸை நோக்கி நடந்தார்கள். நான் படியில் நின்றேன். சுருக்கெழுத்து வகுப்புக்கு நேரமாகிவிட்டது. பிறகு குடையைக் குப்பண்ணனிடம் கொடுத்துவிட்டு, ராமபத்ரனின் அறைக்கு மறுபடியும் ஏறினேன்.